குவாதலூப் போக நினைக்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் புதுச்சேரிக்காரன், இப்போது பாரிஸ் புறநகரில் குடியிருக்கிறேன். குவாதலூப் தீவுக்கு இரண்டு தடவை போய் வந்தேன். அதிலிருந்து சொந்தக்காரர், சிநேகிதர், சிநேகிதரின் சிநேகிதர் என்று எல்லாரும் அதே கேள்விகளைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி மாளாததால் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

அது எங்கே இருக்கிறது? தனி நாடா?

கரீபியன் கடலின் கிழக்கு ஓரத்தில் வில் மாதிரி வளைந்து கிடக்கும் சிறு தீவுகளின் வரிசையில், ஏறக்குறைய நடுவில் இருக்கிறது. தனி நாடு இல்லை. 1946 முதல் பிரான்சின் ஒரு மாவட்டம். செலவாகும் பணம் யூரோ, அலுவலக மொழி பிரெஞ்சு. வீட்டிலும் சந்தையிலும் பேசுவது கிரியோல், பிரெஞ்சும் ஆப்பிரிக்க மொழிகளும் கலந்து பிறந்த மொழி. மொத்தப் பரப்பு 1,628 சதுர கிலோமீட்டர், மக்கள் நான்கு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு.

வரைபடத்தில் பார்த்தால் இறக்கை விரித்த பட்டாம்பூச்சி. மேற்கு இறக்கை பாஸ்-தேர்: மலை, காடு, எரிமலை. கிழக்கு இறக்கை கிராந்த்-தேர்: சுண்ணாம்புப் பாறைத் தட்டு, கரும்பு, வெள்ளை மணல். நடுவில் ரிவியேர் சலே, அதாவது உப்பாறு, என்ற ஒடுக்கமான கடல் கால்வாய். பாஸ்-தேர் என்றால் தாழ்ந்த நிலம், கிராந்த்-தேர் என்றால் பெரிய நிலம். ஆனால் தாழ்ந்த நிலத்தில்தான் 1,467 மீட்டர் உயர மலை நிற்கிறது, பெரிய நிலம்தான் அளவில் சின்னது. மாலுமிகள் வைத்த பெயர். காற்று அடங்கிய பக்கத்தை அவர்கள் ‘பாஸ்’ என்பார்கள், மலையின் உயரம் அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை.

ஷெங்கன் விசா போதுமா?

போதாது. இதில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். குவாதலூப் பிரான்சுக்குள் இருக்கிறது, ஐரோப்பிய ஒன்றியத்திலும் சேர்த்தி, ஆனால் ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் வட்டத்துக்கு வெளியே. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்கள் பிரெஞ்சுத் தூதரகத்தில் விண்ணப்பிக்கும்போதே, போகுமிடம் கடல்கடந்த மாவட்டம் என்று குறிப்பிட்டு அதற்குச் செல்லும் விசா வாங்க வேண்டும். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்களுக்கு உள்நாட்டுப் பயணம்தான்.

இந்தியாவிலிருந்து பாரிஸ் வழியாகப் போவதுதான் எளிது. பாரிஸிலிருந்து எட்டரை மணி நேரம் பறக்க வேண்டும். போய் இறங்கினால் கடிகாரம் நம் ஊருக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால்.

எந்த மாதம் போகலாம்?

டிசம்பர் முதல் மே வரை வெயில் காலம். அங்கே ‘காரெம்’ என்பார்கள், தவக்காலத்துக்கும் அதே சொல்தான். ஜூலை முதல் நவம்பர் வரை மழையும் புயலும். 1989 செப்டம்பரில் அடித்த ஊகோ புயலைப் பற்றி வயதானவர்கள் இன்னும் பேசுகிறார்கள், நம்மூர்க்காரர்கள் தானே புயலைப் பற்றிப் பேசுவதைப் போல. ஜனவரியில் போனால் கார்னவல் என்ற தெருத் திருவிழா தொடங்கியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் பறைக் கூட்டம் தெருவை அடைத்துக்கொள்ளும், வண்டியை எடுக்காதீர்கள்.

எத்தனை நாள் வேண்டும்? எங்கே தங்குவது?

பத்து நாள். அதற்குக் குறைவாக என்றால் அந்த விமானக் கட்டணத்துக்கு வயிறு எரியும். எல்லாரும் கிராந்த்-தேரின் தெற்குக் கரையில், சேந்த்-ஆன், சேன்-பிரான்சுவா பக்கம் அறை எடுத்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுகிறார்கள். முதல் தடவை நானும் அப்படித்தான் செய்தேன், பாதித் தீவைத் தவற விட்டேன். நாளைச் சரிபாதியாகப் பிரித்து இரண்டு இறக்கையிலும் தங்குங்கள். ஒரு பக்கத்தைத்தான் எடுக்க முடியும் என்றால் பாஸ்-தேர்.

வாடகை கார் இல்லாமல் முடியாது. பேருந்து உண்டு, ஆனால் சாயந்திரமும் ஞாயிறும் அதை நம்பினால் தெருவில்தான் நிற்க வேண்டும். காலையில் புவாந்த்-அ-பித்ர் நகரைச் சுற்றி வரும் நெரிசல் நம் தாம்பரத்துக்கு இளைத்ததில்லை.

சரித்திரம் தெரிந்துகொள்ள எங்கே போக வேண்டும்?

இந்தத் தீவில் எதைத் தொட்டாலும் சர்க்கரை ஒட்டும். கொலம்பஸ் தம் இரண்டாம் பயணத்தில் 1493 நவம்பரில் வந்து, ஸ்பெயினிலுள்ள ஒரு மாதா கோயிலின் பெயரை வைத்துவிட்டுப் போனார். அதற்கு முன்பே இங்கிருந்தவர்கள் வழங்கிய பெயராகச் சொல்லப்படுவது கருக்கேரா, அழகிய நீர்களின் தீவு. அவர்களுக்கும் முந்தியவர்கள் பாறையில் கீறிய முகங்களை த்ருவா-ரிவியேர் ஊரில் இன்றும் பார்க்கலாம். பிரெஞ்சுக்காரர்கள் 1635இல் வந்தார்கள். பிறகு கரும்பு, கரும்புக்காக ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகள். 1763இல் இங்கிலாந்தோடு சமாதானம் பேசியபோது பிரான்ஸ் கனடாவை விட்டுக்கொடுத்து இந்தத் தீவையும் பக்கத்திலுள்ள மார்த்தினிக் தீவையும் திரும்ப வாங்கிக்கொண்டது என்றால் சர்க்கரைக்கு அன்றிருந்த விலை புரியும்.

முதலில் மெமோரியால் ஆக்த் போங்கள். புவாந்த்-அ-பித்ர் துறைமுகத்தில், தார்புசியே சர்க்கரை ஆலை இருந்த அதே இடத்தில் 2015இல் திறந்த அடிமை முறை அருங்காட்சியகம். கறுப்புக் கல் பெட்டியின் மேல் வெள்ளி வேர் படர்ந்த மாதிரிக் கட்டடம். மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள்.

அடுத்தது, பலர் விட்டுவிடும் இடம். மேற்கு இறக்கையின் மலைச்சரிவில் மாத்துபா. பிரெஞ்சுப் புரட்சி அரசு 1794இல் அடிமை முறையை ஒழித்தது, நெப்போலியன் 1802இல் அதைத் திருப்பிக் கொண்டுவரப் படை அனுப்பினார். லூயி தெல்க்ரெஸ் என்ற கலப்பின இராணுவ அதிகாரி எதிர்த்து நின்றார். கோட்டையைக் காக்க முடியாமல் மாத்துபாவுக்கு ஏறியவர், 1802 மே 28 அன்று, தம்மோடு இருந்த சுமார் முந்நூறு பேருடன், தாங்கள் தங்கியிருந்த தோட்ட மாளிகையில் வெடிமருந்துக்குத் தீ வைத்துக்கொண்டார். உயிரோடு பிடிபட்டவர்களில் சொலித்யூத் என்ற பெண்ணும் ஒருத்தி. அப்போது கர்ப்பிணி. பிள்ளை பிறக்கும்வரை காத்திருந்து, பிறந்த மறுநாள் தூக்கிலிட்டார்கள். பாரிஸில் ஒரு பூங்காவில் 2022 முதல் அவளுக்குச் சிலை நிற்கிறது.

மாத்துபாவில் பார்க்க ஒரு நினைவுக் கல்தான் உண்டு. மூடுபனி, ஆற்றுச் சத்தம், அவ்வளவுதான். கீழே, மேற்கு இறக்கையின் பெயரையே கொண்ட பாஸ்-தேர் நகரில் கோட்டை இருக்கிறது. அதன் பெயர் இன்று தெல்க்ரெஸ் கோட்டை. தெல்க்ரெஸை முறியடித்த தளபதி ரிஷ்பான்ஸ் அதே ஆண்டு மஞ்சள் காய்ச்சலில் செத்தார், அவரைப் புதைத்ததும் அந்தக் கோட்டைக்குள்தான். தோற்றவர் பெயர் வாசலில், ஜெயித்தவர் கல்லறை உள்ளே. டிக்கெட் கிழிக்கிறவர் கதையை இந்த வரிசையில்தான் சொல்கிறார்.

அடிமை முறை கடைசியாக ஒழிந்தது 1848இல். மே 27 அங்கே விடுமுறை.

நம்ம ஆட்கள் இருக்கிறார்களாமே?

இருக்கிறார்கள். 1848க்குப் பிறகு விடுதலையானவர்கள் பழைய முதலாளியின் கரும்புக் காட்டுக்குத் திரும்ப மறுத்தார்கள். ஆள் தேடி முதலாளிகளின் கண் புதுச்சேரி, காரைக்கால் பக்கம் திரும்பியது. ஐந்து வருட ஒப்பந்தம், முடிந்ததும் திரும்பக் கப்பல் என்று சொல்லி ஏற்றினார்கள். ஓரேலி என்ற கப்பல் 1854 டிசம்பர் 24 அன்று புவாந்த்-அ-பித்ரில் முதல் கூட்டத்தை இறக்கியது. 1880களின் கடைசி வரை வந்தவர்கள் ஏறக்குறைய 42,000 பேர். பிற்பாடு கல்கத்தாவிலிருந்தும் கப்பல்கள் வந்தன. தொடக்கத்தில் வந்தவர்களில் பெரும்பான்மை தமிழர். ஊர் திரும்பியவர்கள் கொஞ்சம், கரும்புக் காட்டிலேயே மாண்டவர்கள் மிக அதிகம்.

அவர்கள் பிள்ளைகளுக்குப் பிரஜா உரிமைகூட ஒழுங்காகக் கிடைக்கவில்லை. காப்பெஸ்தேர் ஊரில் 1863இல் பிறந்த ஆன்றி சிதம்பரம் 1904இல் அதற்காக வழக்குத் தொடுத்தார். தீர்வு கிடைக்க 1923 ஆகிவிட்டது. இன்று காப்பெஸ்தேர், சேன்-பிரான்சுவா, லெ மூல் ஊர்களில் கடைப் பலகையைப் படித்துக்கொண்டே போனால் ராமசாமி, வீரப்பன், வைத்திலிங்கம், நாகப்பன் எல்லாரும் பிரெஞ்சு எழுத்தில் கொஞ்சம் வளைந்து தென்படுவார்கள். பிரெஞ்சு நாடாளுமன்ற உறுப்பினராகவும் சேன்-பிரான்சுவா மேயராகவும் இருந்த எர்னெஸ்ட் மூத்துசாமியின் பெயரும் அப்படி வந்ததுதான்.

காப்பெஸ்தேரில் நெடுஞ்சாலை ஓரம், வாழைத் தோட்டங்களுக்கு நடுவே ஷான்ழி கோயில். வண்ணச் சிலைகள் நிறைந்த கோபுரத்தைப் பார்த்ததும் என் மனைவி காரை நிறுத்தச் சொன்னாள். இதைவிடச் சின்னக் கோயில்கள் தோட்டங்களுக்குள், தனியார் நிலத்தில் நிறைய உண்டு. மாரியம்மன் அங்கே மாலியேமின், மதுரைவீரன் மல்தெவிலேன். பூசாரி பூசாரிதான். தப்பு மேளமும் தப்புதான், அதே மாதிரி நெருப்பில் காட்டி முறுக்கேற்றுகிறார்கள். வேப்பிலை ‘வெப்பெலே’. நேர்த்திக்கடனுக்குக் கிடா வெட்டும் உண்டு. நவம்பர் முதல் வாரம், கிறித்தவர்கள் கல்லறைக்கு மெழுகுவத்தி கொண்டுபோகும் அதே நாட்களில், இவர்கள் வீட்டில் இறந்தவர்களுக்குப் படையல் போடுகிறார்கள். ஞாயிறு மாதா கோயில் பூசைக்குப் போகிற அதே குடும்பம்தான் மாரியம்மனுக்கும் நேர்ந்துகொள்கிறது. இரண்டுக்கும் சண்டையே இல்லை.

அப்படியானால் தமிழில் பேசலாமா?

முடியாது. பேச்சுத் தமிழ் போய்விட்டது. கோயில் பாட்டில் மட்டும் இருக்கிறது. ஒரு பூசாரி எனக்காகத் தாலாட்டுப் பாட்டு ஒன்றைப் பாடிக் காட்டினார். ‘கண்ணே’ என்ற சொல் தெளிவாகக் கேட்டது, மற்றது தாத்தா காதில் விழுந்து பேரன் வாயில் வந்த ஒலி. அர்த்தம் கேட்டேன். “அது அம்மனுக்குத் தெரியும்” என்று கிரியோலில் சொன்னார்.

ஒன்று மட்டும் கவனம். ‘மலபா’ என்று அங்கே காதில் விழுந்தால் அது மலபாரிலிருந்து வந்த சொல், இந்தியர்களைக் கீழாகப் பேசிய சொல். சிலர் இன்று பெருமையாகவே தம்மை அப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள், ஆனால் விருந்தாளி வாயில் அது வேண்டாம். பூசை நடக்கும் இடத்துக்கு அழைப்பில்லாமல் நுழையாதீர்கள், கேட்டால் பெரும்பாலும் கூப்பிடுவார்கள். முதல் நாளிலிருந்து கவிச்சி சாப்பிடவில்லையே என்று விசாரிப்பார்கள். பொய் சொல்லாதீர்கள்.

எரிமலை மேல் ஏறலாமா? வெடிக்காதா?

லா சூஃப்ரியேர் உயிரோடு இருக்கும் எரிமலை. 1976இல் அது நீராவியும் சாம்பலும் கக்கியபோது அடிவாரத்திலிருந்த சுமார் 73,000 பேரை மாதக்கணக்கில் வெளியேற்றினார்கள். வெடிக்கும் என்று ஒரு விஞ்ஞானி, வெடிக்காது என்று இன்னொரு விஞ்ஞானி. க்ளோத் அலேகர், ஆரூன் தாசியேஃப் இருவரின் சண்டை பத்திரிகையெல்லாம் நாறியது. பெரிய வெடிப்பு வரவில்லை. ஆனால் பாஸ்-தேர் நகரத்தை விட்டுப் போன வியாபாரத்தில் பாதி திரும்பவும் இல்லை என்று அங்குள்ளவர்கள் இன்னும் குறைப்படுகிறார்கள்.

ஏறலாம். பேன் ழோன் என்ற வெந்நீர்த் தொட்டி அருகே வண்டியை நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். போக இரண்டு மணி நேரம் வையுங்கள். உச்சியில் வருடத்துக்குப் பத்து மீட்டர் மழை கொட்டுகிறது. செருப்போடு வந்த ஒரு தம்பியைப் பாதி வழியில் பார்த்தேன், ஒற்றைச் செருப்போடு. காலை ஏழுக்குள் கிளம்பினால் மேகம் கூடுவதற்குள் கடல் தெரியும். முதல் தடவை பதினோரு மணிக்குப் போய், என் கையே எனக்குத் தெரியாத வெள்ளைக்குள் நின்று, அழுகின முட்டை நாற்றத்தை மட்டும் முகர்ந்துவிட்டு இறங்கினேன். உச்சியில் விஷப்புகை காரணமாக அடைத்த பகுதிகள் உண்டு. வேலியைத் தாண்டாதீர்கள். இறங்கி வந்து அந்த வெந்நீர்த் தொட்டியில் காலை நீட்டி உட்காருவது இலவசம்.

அருவிகள்?

கார்பே அருவிகள் மூன்று. முதலாவது சுமார் 115 மீட்டர், இரண்டாவது 110. இரண்டாவதைக் காண நல்ல பாதை உண்டு, பாட்டிமாரும் போகலாம். முதலாவதற்கு அரை நாளும் நல்ல முழங்காலும் வேண்டும். நேரமில்லாதவர்கள், தேசியப் பூங்காவின் நடுவே மலையைக் குறுக்காக வெட்டிப் போகும் சாலையில் ‘இறால் அருவி’யில் இறங்கிக் குளிக்கிறார்கள். சின்னது, கூட்டம் அதிகம், எனக்குப் பிடிக்கவில்லை.

கடலில் என்ன விசேஷம்?

மேற்குக் கரையில் மலாந்தூர். கறுப்பு மணல் கடற்கரை, எதிரே இரண்டு குட்டித் தீவுகள். கடலாய்வாளர் ழாக் கூஸ்தோ பெயரால் இந்த இடத்தை அழைக்கிறார்கள், தண்ணீருக்கடியில் அவர் சிலையே இருக்கிறது. முக்குளிக்கத் தெரியாதவர்களுக்கு அடியில் கண்ணாடி பதித்த படகு உண்டு. கடலாமை கரையோரப் புல் மேய வரும், தொடாமல் பாருங்கள். வெள்ளை மணலும் முழங்கால் தண்ணீரும் வேண்டுமென்றால் சேந்த்-ஆன். கிழக்கு நுனியில் புவாந்த் தே ஷாத்தோ முனையில் குளிக்க முடியாது, பாறைமேல் ஏறி அட்லாண்டிக் அலை மோதுவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

2011 முதல் சில மாதங்களில் சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசி கிழக்கு, தெற்குக் கரைகளில் மலையாய் ஒதுங்குகிறது. அழுகினால் நாற்றமும் தலைவலியும். அந்த நாட்களில் மேற்குக் கரைக்குப் போய்விடுங்கள்.

கடற்கரை மரத்தில் சிவப்புப் பட்டை அடித்திருக்கிறார்களே, எதற்கு?

கிட்டப் போகாதே என்று அர்த்தம். அது மான்சனில்லியே மரம். காய் சின்னப் பச்சை ஆப்பிள் மாதிரி உருண்டையாக, மணமாக மணலில் கிடக்கும். பால் பட்டால் தோல் வெந்து கொப்பளிக்கும், தின்றால் தொண்டை புண்ணாகும். மழைக்கு அதன் கீழ் ஒதுங்கினாலும் இலையில் வழியும் தண்ணீரே எரிக்கும். எல்லா மரத்துக்கும் பட்டை அடித்திருப்பார்கள் என்று நம்பவும் வேண்டாம். பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் முதல் நாளே ஒரு மரத்தைக் காட்டிச் சொல்லி வையுங்கள்.

சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா? சைவம் கிடைக்குமா?

நம் நாக்குக்கு நன்றாகவே ஒத்துக்கொள்ளும். கொலோம்போ என்று கேட்டால் மல்லி, மஞ்சள், சீரகம், வெந்தயம், கடுகு அரைத்த பொடியில் ஆட்டுக்கறியோ கோழியோ போட்டுக் குழம்பு வரும். பெயர் கொழும்பு நகரத்தால் வந்ததா, ‘குழம்பு’ என்ற சொல்லால் வந்ததா என்று வழக்கு நடக்கிறது. நான் குழம்புக் கட்சி. பாகற்காய்க்கு அங்கே ‘பாரோக்கா’ என்று பெயர். சாயந்திரம் தெருவோர வண்டியில் பொக்கித் சாப்பிடுங்கள்: மாவை உருட்டித் தட்டி எண்ணெயில் போட்டு, பூரி மாதிரி உப்பியதும் வயிற்றைக் கீறி உள்ளே கருவாட்டு மீனோ முட்டையோ அடைத்துத் தருவார்கள். மிளகாய் வேண்டுமா என்று கேட்டால் “கொஞ்சம்” என்று சொல்லுங்கள். ஆந்திராக் காரம் தின்றவன் என்ற கர்வத்தில் “நிறைய” என்றேன், இரண்டு இளநீர் குடித்தும் அடங்கவில்லை.

சைவர்களுக்குக் கொஞ்சம் கஷ்டம். சந்தையில் பூசணி, சேனை போன்ற கிழங்குகள், வாழைக்காய், வெண்டைக்காய், ஈரப்பலா எல்லாம் கிடைக்கும். அடுப்புள்ள அறையாக எடுங்கள்.

தண்ணீர் குடிக்கலாமா? வேறு எதற்குப் பயப்பட வேண்டும்?

குழாய்கள் பழசு, பல ஊர்களில் முறை வைத்துத்தான் தண்ணீர் விடுகிறார்கள். நாங்கள் தங்கிய ஒரு வீட்டில் ஒன்றரை நாள் குழாயில் சொட்டு இல்லை. தொட்டி உண்டா என்று முன்பே கேளுங்கள்.

இன்னொன்று பயண விளம்பரங்களில் வராது. வாழைத் தோட்டத்தில் வண்டைக் கொல்ல 1972 முதல் 1993 வரை குளோர்டிகோன் என்ற நஞ்சைத் தெளித்தார்கள். அது மண்ணில் நூற்றாண்டுக் கணக்கில் தங்கும். தீவின் பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இரத்தத்தில் அது இருக்கிறது. சில ஆறுகளிலும் கரைகளிலும் மீன் பிடிக்கவே தடை. பத்து நாள் தங்குகிற உங்களுக்கு இது பெரிய விஷயமில்லை, ஆற்றில் பிடித்த இறாலை வழியில் வாங்காமல் இருந்தால் போதும். அங்கேயே பிறந்து வளர்கிறவர்களுக்கு அப்படி இல்லை, பேச்சு அந்தப் பக்கம் போனால் அவர்கள் குரல் மாறுவதைக் கேட்பீர்கள்.

பக்கத்துத் தீவுகளுக்கு நேரம் ஒதுக்கலாமா?

ஒன்றுக்கு ஒதுக்குங்கள். த்ருவா-ரிவியேரிலிருந்து படகில் லே சேந்த் போய் வருவது ஒரு நாள் வேலை. மேலே நெப்போலியன் கோட்டை, கீழே வளைகுடா, படகுத்துறையில் பெண்கள் கூடையில் விற்கும் தேங்காய்ப் பூரணம் வைத்த கேக். மரி-கலாந்த் என்றால் காற்றாலைக் கோபுரங்களும் மாட்டு வண்டியும், 59 டிகிரி ரம்மும். கடல் கொந்தளிப்பாக இருந்தால் அந்தப் படகில் வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள், நிறைந்த வயிற்றோடும் ஏறாதீர்கள்.

என்ன வாங்கி வரலாம்?

புவாந்த்-அ-பித்ரில் சேன்-அந்துவான் சந்தை. இரும்புக் கூரைக்குக் கீழே கட்டம் போட்ட துணி தலையில் கட்டிய அம்மாக்கள் பட்டை, ஜாதிக்காய், வனிலா, பொடிகள் பரப்பியிருப்பார்கள். முதலில் பொன்ஜூர் சொல்லிவிட்டுத்தான் விலை கேட்க வேண்டும், இல்லையென்றால் காதில் விழாதது போல் இருந்துவிடுவார்கள். கொலோம்போ பொடி அரைக் கிலோ வாங்கிப் புதுச்சேரிக்கு எடுத்துப் போனேன். அம்மா பொட்டலத்தைப் பிரித்து, உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டி முகர்ந்து பார்த்தாள். “யார் வீட்டுப் பொடி இது? வெந்தயத்தைக் கொஞ்சம் கருக விட்டிருக்காங்க” என்றாள்.